ஈரலைக் காட்டப் போனேன், இதயத்துக்கு மாத்திரை எழுதினார்கள்

9 ஜனவரி 2024. கேள்வி

வயது 41. குடிப் பழக்கம் இல்லை, சர்க்கரை நோயும் இல்லை. வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுத்ததில் ஃபேட்டி லிவர் (ஈரலில் கொழுப்பு), கிரேடு 2 என்று வந்தது. ஈரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான எஸ்ஜிபிடி 58. மொத்தக் கொலஸ்ட்ரால் 221, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 39, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் கொழுப்பு) 255, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 131. ரத்த அழுத்தம் 142/90. அப்பாவுக்கு 50 வயதில் மாரடைப்பு. டாக்டர் ஈரலுக்கென்று எதுவும் தரவில்லை, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரையோடு வரும் சீட்டிலேயே ஈரலைப் பாதிக்கலாம் என்று போட்டிருக்கிறது. கெட்டுப்போன ஈரலுக்கு அதைக் கெடுக்கிற மாத்திரையா? எண்ணெயையும் கொழுப்பையும் அடியோடு நிறுத்தினால் போதும் என்பது என் கணக்கு. தவறா?

9 ஜனவரி, இரவு. பதில்

இரண்டு இடத்தில் தவறு.

ஃபேட்டி லிவர் உள்ளவர்கள் பெரும்பாலும் ஈரல் கெட்டு இறப்பதில்லை. மாரடைப்பு, பக்கவாதம் என்று இதயம், ரத்தக்குழாய் வழியாகத்தான் அதிகம் பேர் போகிறார்கள். எனக்கு 46 வயதில் இதே ஸ்கேன், இதே கிரேடு. டாக்டர் ஈரலைப் பற்றி ஒரு நிமிடம்தான் பேசினார். அப்புறம் டேப்பை எடுத்து இடுப்பை அளந்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், அப்பாவுக்கு எந்த வயதில் நெஞ்சு வலி வந்தது என்று கேட்டார். நான் ஈரலுக்கு வந்தவன், தையல்காரரிடம் வந்தவன் இல்லை என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது.

அடுத்தது, ஈரலில் இருக்கும் கொழுப்பு நீங்கள் சாப்பிட்ட எண்ணெய் அப்படியே போய் ஒட்டியது இல்லை. 2005இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் அந்தக் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று அடையாளம் வைத்துப் பார்த்தார்கள். சுமார் 59 சதவீதம் உடம்பில் ஏற்கெனவே சேர்ந்திருந்த கொழுப்பிலிருந்து கரைந்து வந்தது. 26 சதவீதம் ஈரலே சர்க்கரையையும் மாவுச்சத்தையும் கொண்டு புதிதாகத் தயாரித்தது. சாப்பாட்டில் இருந்த கொழுப்பு நேராக வந்து சேர்ந்தது 15 சதவீதம்தான். எண்ணெயை அடியோடு நிறுத்தினால் கைவைப்பது அந்த 15இல்.

10 ஜனவரி

எல்டிஎல் 131தானே, அது அப்படி ஒன்றும் மோசமில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் 128ஐப் பார்த்து அப்படித்தான் தேற்றிக்கொண்டேன்.

ஈரல் ஒரு ஏற்றுமதிக் கிடங்கு மாதிரி. சேர்ந்த கொழுப்பை விஎல்டிஎல் என்னும் பொட்டலங்களில் கட்டி ரத்தத்துக்குள் அனுப்புகிறது. கிடங்கு நிரம்பி வழியும்போது பொட்டலமும் பெரிதாகிறது, எண்ணிக்கையும் கூடுகிறது. டிரைகிளிசரைடு ஏறுவது அதனால். அந்தப் பொட்டலங்கள் ரத்தத்தில் எச்டிஎல்லோடும் எல்டிஎல்லோடும் சரக்கு மாற்றிக்கொள்கின்றன. முடிவில் எச்டிஎல் குறைகிறது, எல்டிஎல் துகள்கள் சிறுத்து அடர்த்தியாகின்றன. ஒவ்வொரு துகளும் சுமக்கும் கொலஸ்ட்ரால் குறைவு, துகள்களின் எண்ணிக்கை அதிகம். ரிப்போர்ட்டில் வரும் எல்டிஎல் எண் கொலஸ்ட்ராலின் எடையைச் சொல்கிறது, துகள்களின் தலையை எண்ணிச் சொல்வதில்லை. குழாய்ச் சுவரில் போய் நுழைவது துகள்.

தலை எண்ண வேண்டுமென்றால் ஏபோபி என்ற பரிசோதனை இருக்கிறது. அது இல்லாவிட்டால் ஒரு கழித்தல் போதும்: மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழியுங்கள். 221 கழித்தல் 39, 182. உங்கள் டாக்டர் மாத்திரை எழுதியது 131ஐப் பார்த்து இருக்காது. இந்த 182, அழுத்தம் 142, அப்பாவின் 50, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்திருப்பார்.

11 ஜனவரி

ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதற்கு ஃபிப்-4 என்று ஒரு கணக்கு உண்டு. வயதை எஸ்ஜிஓடியால் (எஸ்ஜிபிடி போல இன்னொரு ஈரல் எண்) பெருக்கி, அதை பிளேட்லெட்டும் எஸ்ஜிபிடியும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். 1.3க்குக் கீழே என்றால் பெரிய தழும்புக்கு வாய்ப்புக் குறைவு, 2.67க்கு மேல் என்றால் கண்டிப்பாக அடுத்த கட்டப் பரிசோதனை. எனக்கு அப்போது வயது 46, எஸ்ஜிஓடி 52, பிளேட்லெட் 210 ஆயிரம், எஸ்ஜிபிடி 81. போட்டால் 0.14.

12 ஜனவரி

மேலே போட்டது தப்பு. எஸ்ஜிபிடிக்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 81க்கு 9. சரியான விடை 1.27, அதாவது கோட்டுக்கு ஒரு முழம் கீழே இல்லை, ஒரு விரற்கடை கீழே. வெட்கத்தோடு சொல்கிறேன், அன்றைக்கும் இதே தப்பைத்தான் செய்தேன். 0.14 என்று வந்ததும் இரண்டு நாள் துள்ளிக்கொண்டிருந்தேன். டாக்டர்தான் பேனாவை வாங்கி வர்க்கமூலக் குறியைப் போட்டுக் காட்டினார்.

65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த 1.3 பொருந்தாது, 2 என்று வைத்துக்கொள்வார்கள். வயது பெருக்கலில் இருப்பதால் கிழவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள்.

20 ஜனவரி

சர்க்கரை பற்றி. முதல் குறிப்பில் சொன்ன 26 சதவீதம் இங்கேதான் வருகிறது.

குளுக்கோஸை உடம்பு முழுக்கப் பங்குபோட்டுக்கொள்ளும். பழச் சர்க்கரை எனப்படும் பிரக்டோஸின் பெரும்பங்கு ஈரலுக்கே போகிறது. அங்கே குளுக்கோஸுக்கு இருக்கிற சோதனைச்சாவடியைத் தாண்டிக்கொண்டு நேராகக் கொழுப்புத் தயாரிக்கும் பட்டறைக்குள் நுழைந்துவிடும். வெள்ளைச் சர்க்கரையில் பாதி பிரக்டோஸ். 2019இல் அமெரிக்காவில் ஃபேட்டி லிவர் உள்ள 40 பையன்களை வைத்து ஒரு சோதனை. பாதிப் பேருக்கு வீட்டுச் சாப்பாட்டிலிருந்து சேர்த்த சர்க்கரையை ஏறக்குறைய முழுதாக எடுத்துவிட்டார்கள். எட்டே வாரத்தில் ஈரல் கொழுப்பு சராசரியாக 25 சதவீதத்திலிருந்து 17க்கு வந்தது. வழக்கம்போல் சாப்பிட்டவர்களுக்கு 21, 20 என்று அசையவே இல்லை.

நான் குளிர்பானத்தை முதல் நாளே விட்டேன். விட்டுவிட்டு எட்டு மாதம் தினமும் பெரிய டம்ளரில் பழச்சாறு குடித்தேன், இயற்கை என்று பெருமையாக. பழத்தைக் கடித்துத் தின்றால் நார்ச்சத்து இருக்கிறது, இரண்டாவது பழத்திலேயே போதும் என்றாகிவிடும். சாறாக்கினால் நான்கு பழம் ஒரே மடக்கில் இறங்குகிறது. ஈரலுக்கு பாட்டிலும் தெரியாது, பழமும் தெரியாது.

4 பிப்ரவரி

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மாவுச்சத்தை மொத்தமாக நிறுத்தலாமா என்று கேட்டுவிட்டீர்கள்.

நிறுத்தினேன். மூன்று மாதம் கீட்டோ. வெண்ணெய், பாலாடைக்கட்டி, கொழுப்போடு இறைச்சி, காலையில் காப்பியில் கூட வெண்ணெய். 88 கிலோவிலிருந்து 81. எஸ்ஜிபிடி 81லிருந்து 38. டிரைகிளிசரைடு 240லிருந்து 110. பார்க்கிறவரிடமெல்லாம் பிரசங்கம் செய்தேன். பின்னால் படித்ததில், ஆறே நாள் கீட்டோவில் ஈரல் கொழுப்பு 31 சதவீதம் குறைந்ததாக 2020இல் ஒரு சிறிய ஆய்வும் இருக்கிறது. ஆக ஈரலைப் பொறுத்தவரை நான் கண்டது கனவில்லை.

அந்த ரிப்போர்ட்டின் அடுத்த பக்கத்தை நான் திருப்பவில்லை, டாக்டர் திருப்பினார். எல்டிஎல் 196. மொத்தம் 263, எச்டிஎல் 45. கழித்தால் 218. தொடங்கும்போது அது 176. ஈரலைக் கழுவிய தண்ணீரை ரத்தக்குழாயில் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

கீட்டோவில் எல்லோருக்கும் இப்படி ஏறுவதில்லை. சிலருக்கு ஏறாது, சிலருக்கு லேசாக ஏறும், சிலருக்கு என்னைப்போல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். நாம் எந்த வகை என்று ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். நான் மூன்று மாதம் எடையும் எஸ்ஜிபிடியும் மட்டும் பார்த்தேன், ஏனென்றால் அவை இரண்டும் எனக்குப் பிடித்த திசையில் போய்க்கொண்டிருந்தன.

5 பிப்ரவரி

நேற்று வெண்ணெய் தின்று எல்டிஎல் ஏறிய கதையை எழுதினேன். கொழுப்பின் வகை ஈரலையும் பாதிக்கிறது, இன்று அதற்கு ஆதாரம்.

பின்லாந்தில் கூடுதல் எடையுள்ள 38 பேருக்கு மூன்று வாரம், நாளொன்றுக்கு 1000 கலோரி கூடுதலாக ஊட்டிப் பார்த்தார்கள். நிறைவுற்ற கொழுப்பாக (வெண்ணெய் வகை) கொடுத்தவர்களுக்கு ஈரல் கொழுப்பு 55 சதவீதம் கூடியது. சர்க்கரையாகக் கொடுத்தவர்களுக்கு 33. நிறைவுறாக் கொழுப்பாக (ஆலிவ் எண்ணெய், கொட்டை வகை) கொடுத்தவர்களுக்கு 15. எல்லோருக்கும் கூடியது ஒரே அளவு கலோரிதான். ஸ்வீடனில் உப்சாலாவில் நடந்தது இன்னும் வேடிக்கை. 39 இளைஞர்கள், ஏழு வாரம் மஃபின். ஒரு பிரிவுக்கு நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த பாமாயிலில் செய்தது, இன்னொன்றுக்குச் சூரியகாந்தி எண்ணெயில் செய்தது. இரண்டு பிரிவும் ஒரே அளவுதான் குண்டானது, ஆனால் பாமாயில்காரர்களுக்கு ஈரலிலும் வயிற்றுக்குள்ளும் கொழுப்பு கூடுதலாகச் சேர்ந்தது.

ஆகவே 9ஆம் தேதி நான் எழுதிய அந்த 15 சதவீதத்தைப் படித்துவிட்டு எந்தக் கொழுப்பானால் என்ன என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். அளவைச் சொன்னேன், வகையைச் சொல்லாமல் விட்டேன். வெண்ணெயைக் குறைத்து, மீன், கொட்டைகள், பருப்பு வகை, திரவ எண்ணெய் என்று மாறியதும் எனக்கு நான்கு மாதத்தில் எல்டிஎல் 196லிருந்து 141 ஆனது. ஈரல் கணக்கு கெடவில்லை. எடை இரண்டு கிலோ திரும்பியது, அது வேறு கதை.

11 பிப்ரவரி

ஈரல், இதயம் இரண்டுக்கும் சேர்த்து ஒரே உணவுமுறை கேட்டால் பெரும்பாலும் மத்தியதரைக்கடல் முறையைச் சொல்வார்கள். காய்கறி, பருப்பு, முழுத் தானியம், மீன், கொட்டைகள், ஆலிவ் எண்ணெய் நிறைய. இறைச்சி, இனிப்பு குறைவு. மெல்போர்னில் 12 பேரை வைத்து, ஆறு வாரம் இது, ஆறு வாரம் கொழுப்புக் குறைந்த உணவு என்று மாற்றிக் கொடுத்தார்கள். எடையில் பெரிய வித்தியாசமில்லை. ஈரல் கொழுப்பு இதில் 39 சதவீதம் இறங்கியது, கொழுப்புக் குறைந்த உணவில் 7. எண்ணெயை அடியோடு நிறுத்தும் உங்கள் திட்டத்துக்கு இதைவிடக் கிட்டே வருகிற ஒப்பீடு எனக்கு அகப்படவில்லை. 12 பேர்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

இதயத்துக்கு, இதே உணவுமுறையை வைத்து ஸ்பெயினில் நடந்த பிரெடிமெட் ஆய்வு. சுமார் 7,400 பேர், 2013. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் மூன்றும் சேர்த்து 30 சதவீதம் குறைவு.

12 பிப்ரவரி

பிரெடிமெட் பற்றிப் பாதி சொல்லிவிட்டேன். 2013 கட்டுரையை 2018இல் அவர்களே திரும்பப் பெற்றார்கள். சீட்டுக் குலுக்கிப் பிரித்ததில் கோளாறு: ஒரே வீட்டில் இருந்தவர்களைக் குலுக்காமல் ஒரே பிரிவில் போட்டிருந்தார்கள், ஒரு மையத்தில் கிளினிக் கிளினிக்காகப் பிரித்திருந்தார்கள். கணக்கைத் திருத்தி அப்போதே மறுபடி வெளியிட்டார்கள். எண் ஏறக்குறைய அதேதான் வந்தது, வார்த்தை மட்டும் கொஞ்சம் அடக்கமானது. இன்னொன்று, அதில் சேர்ந்தவர்களை ஃபேட்டி லிவருக்காகச் சேர்க்கவில்லை. நீரிழிவோ, அழுத்தம், புகை, கொலஸ்ட்ரால் போன்றவையோ இருந்தவர்கள். உங்களையும் என்னையும் போன்றவர்கள் அதில் நிறையப் பேர் இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

17 மார்ச்

மூன்று நாளுக்கு முன்னால் அமெரிக்காவில் இந்த நோய்க்கென்றே முதல் மருந்துக்கு அனுமதி கிடைத்திருக்கிறது, ரெஸ்மெடிரோம். ஈரலில் அழற்சியும் நடுத்தர, முற்றிய தழும்பும் இருந்து, சிரோசிஸ் (ஈரல் முழுக்கத் தழும்பாகிச் சுருங்குவது) வராதவர்களுக்கு, உணவோடும் உடற்பயிற்சியோடும் சேர்த்து. எல்டிஎல்லையும் ஓரளவு குறைக்கிறது. கிரேடு 2 ஸ்கேனைக் காட்டி இதைக் கேட்டால் தர மாட்டார்கள். ஸ்கேனில் வரும் கிரேடு கொழுப்பின் அளவு, தழும்பின் அளவு இல்லை. நான் ஒரு வருடம் இரண்டையும் குழப்பிக்கொண்டிருந்தேன்.

பெயரும் மாறிவிட்டது. 1980இல் மேயோ கிளினிக்கில் லுட்விக் என்பவரும் கூட இருந்தவர்களும் குடிக்காதவர்களின் ஈரல் குடிகாரர் ஈரல் மாதிரியே இருப்பதைக் கண்டு அழற்சி உள்ள வகைக்கு ஒரு பெயர் வைத்தார்கள். குடியால் வராதது என்று இல்லாத ஒன்றைச் சொல்லும் பெயர். 2023 ஜூனில் வளர்சிதைமாற்றக் கோளாறோடு சேர்ந்த கொழுப்பு ஈரல் என்ற பொருளில் மாற்றினார்கள். ஈரலில் கொழுப்போடு இடுப்பு அல்லது எடை, சர்க்கரை, அழுத்தம், டிரைகிளிசரைடு, எச்டிஎல், இந்த ஐந்தில் ஒன்றாவது கெட்டிருக்க வேண்டும். ஐந்துமே இதய டாக்டரின் பட்டியல். டேப்பை எடுத்த என் டாக்டர் பெயர் மாறுவதற்கு முன்பே மாறியிருக்கிறார்.

தமிழில் பயந்தால் ஈரக்குலை நடுங்குகிறது என்போம். ஈரலையும் பக்கத்தில் இருப்பதையும் ஒரே குலையாகக் கட்டியது நம் ஆட்கள்தான், பெயர்க் குழு அமைக்காமலேயே.

18 மார்ச்

இரண்டு மாதமாக எழுதுகிறேன், முதலில் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஸ்டாட்டின்.

ஃபேட்டி லிவர் ஸ்டாட்டினுக்குத் தடை இல்லை. எஸ்ஜிபிடி இயல்பின் மேல் எல்லையைப் போல் மூன்று மடங்குக்குள் இருந்தால் வழக்கமாகக் கொடுக்கிறார்கள். கிரேக்கத்தில் நடந்த ஓர் ஆய்வின் மறுகணக்கு 2010இல் வந்தது. ஈரல் எண்கள் லேசாகக் கெட்டிருந்த 437 பேரில் ஸ்டாட்டின் எடுத்தவர்களுக்கு அந்த எண்கள் மேம்பட்டன, எடுக்காதவர்களுக்கு ஏறின. இதயப் பலனும் நல்ல ஈரல் உள்ளவர்களைவிட இவர்களுக்கே அதிகம். பின்னால் தோண்டியெடுத்த கணக்கு என்பதால் நானும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படித்தேன். மற்ற ஆய்வுகளும் அதே பக்கம் சாய்கின்றன. சிரோசிஸ் முற்றி வயிற்றில் நீர் கோத்தவர்கள், மஞ்சள் காமாலை உள்ளவர்கள் கதை வேறு.

நான் எடுக்கிறேன். 141லிருந்து 84. சாப்பாட்டிலேயே சாதித்துவிடுவேன் என்று ஒன்பது மாதம் வீம்பு பிடித்தவன்தான். இப்போது யோசித்தால் அந்த வீம்பு ஈரலுக்காக இல்லை, மாத்திரைக்காரன் என்ற பெயர் பிடிக்காததால்.

7 ஏப்ரல்

எடை எவ்வளவு குறைய வேண்டும் என்றால்: 5 சதவீதத்தில் ஈரல் கொழுப்பு குறையத் தொடங்கும், 7இல் அழற்சி, 10இல் தழும்பே பின்வாங்க வாய்ப்பு. கியூபாவில் 293 பேரை ஒரு வருடம் பார்த்து 2015இல் எழுதினார்கள். 10ஐத் தொட்டவர்களில் 45 சதவீதம் பேருக்குத் தழும்பு குறைந்தது. தொட்டவர்களே பத்தில் ஒருவர்தான், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மணி பார்த்துச் சாப்பிடும் விரதமா? சீனாவில் ஒரு வருடம் ஒப்பிட்டார்கள். ஒரே கலோரிதான் என்றால் எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டாலும் நாள் முழுக்கப் பிரித்துச் சாப்பிட்டாலும் ஈரல் கொழுப்பு ஒரே மாதிரிதான் குறைந்தது. சாப்பாட்டு நேரம் குறைந்தால் உங்களுக்கு அளவும் குறையும் என்றால் வையுங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று கிலோ என்று ஓட வேண்டாம். பித்தக்கல் வரலாம்.

நடை: எடை குறையாவிட்டாலும் ஈரல் கொழுப்பைக் குறைக்கிறது.

8 ஏப்ரல்

ஈரலைச் சுத்தம் செய்யும் சாறு பற்றிக் கேட்டவருக்கு: சுத்தம் செய்யும் வேலையில் இருப்பதே ஈரல்தான். துப்புரவாளரைக் குளிப்பாட்ட நான்கு பழத்தின் சர்க்கரையா? 20 ஜனவரியைப் படியுங்கள். கிரீன் டீயைக் காய்ச்சிக் குடிப்பது வேறு, அதன் சாரத்தைக் கேப்சூலாக விழுங்குவது வேறு. கேப்சூலால் ஈரல் காயமடைந்தவர்கள் உண்டு.

காப்பி குடிப்பவர்களுக்குத் தழும்பு குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. சர்க்கரை இல்லாமல். வெண்ணெயும் இல்லாமல்.

5 மே

படித்ததில் விடாமல் சுற்றிக்கொண்டிருக்கும் ஒன்று. டிஎம்6எஸ்எஃப்2 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் சிலருக்கு இருக்கிறது. அவர்கள் ஈரல் கொழுப்பைச் சரியாக ஏற்றுமதி செய்யாது, கஞ்சன் மாதிரி உள்ளேயே வைத்துக்கொள்ளும். ஈரல் நோய்க்கு ஆபத்து அதிகம். ரத்தத்தில் கொழுப்பு குறைவு, இதய நோய்க்கும் ஆபத்து குறைவு. அப்படியானால் ஈரலில் கொழுப்பு இருப்பது மட்டுமே குழாயை அடைப்பதில்லை, அது வெளியே வருவதும் கூடவே வரும் சர்க்கரை, அழுத்தம், இடுப்பும்தான் அடைக்கின்றன. 10 ஜனவரியில் கிடங்கு என்று எழுதியது ஏதோ உவமை என்று நினைத்திருந்தேன். கிடங்கின் கதவை மூடினால் என்ன ஆகும் என்பதை இயற்கையே செய்து பார்த்திருக்கிறது.

23 ஜூன்

உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். மாத்திரை தொடங்கி எட்டு வாரம். மொத்தம் 158, எச்டிஎல் 41. கழித்தால் 117, ஜனவரியில் 182. டிரைகிளிசரைடு 170, இன்னும் இறங்கலாம். அழுத்தம் 134, உப்பைக் குறைத்தது நல்லது. எஸ்ஜிபிடி 58லிருந்து 44.

மாத்திரை ஈரலைக் கெடுக்கவில்லை என்பது வரை சொல்லலாம். எஸ்ஜிபிடி இறங்கியது மாத்திரையாலா, குளிர்பானத்தை விட்டதாலா, நான்கு கிலோ குறைந்ததாலா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் ஒரே வாரத்தில் தொடங்கிவிட்டு என்னிடம் கேட்டால்?